அத்தியாயம் 4: கையெழுத்துக்கு முன் ஹாக்வொனை எடைபோடுங்கள்

தென்கொரியாவில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் போகும் தனியார் பயிற்சி நிலையத்துக்கு ஹாக்வொன் என்று பெயர். நம் ஊர் டியூஷன் சென்டர்தானே என்று முதலில் தோன்றும். ஆனால் அதன் வீச்சு வேறு. 2024இல் கொரியக் குடும்பங்கள் தனியார் கல்விக்குச் செலவிட்ட தொகை 29.2 லட்சம் கோடி வொன். பள்ளி மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஏதாவது ஒரு தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். அதில் ஆங்கிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் டொரன்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் டர்பனிலும் இருக்கும் பட்டதாரிகளுக்கு ஆண்டு முழுவதும் அங்கிருந்து வேலை அழைப்புகள் வருகின்றன.

அழைப்பு வந்த மகிழ்ச்சியில் பலர் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. உங்களுக்குச் சம்பளம் தருவது அந்த அகாடமி. விசாவுக்குப் பொறுப்பேற்பதும் அதுவே. பெரும்பாலும் நீங்கள் குடியிருக்கும் வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பதும் அதுவே. முதலாளி, விசா ஆதரவாளர், வீட்டுக்காரர் என்ற மூன்று பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கும்போது ஒன்றில் தகராறு வந்தால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும். விமானம் ஏறிய பிறகு உங்கள் பேரம் பேசும் பலம் பாதியாகிவிடும். ஆகவே எடைபோடும் வேலை முழுவதையும் கையெழுத்துக்கு முன்பே, உங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிட வேண்டும். எந்த வரிசையில், எதை, யாரிடம் கேட்டு முடிப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

1. முதலில் உங்கள் தகுதியைச் சரிபாருங்கள்

ஹாக்வொனில் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டினருக்குத் தரப்படுவது இ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். இளங்கலைப் பட்டமும் இந்த நாடுகளில் ஒன்றில் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. கனடியக் கடவுச்சீட்டு வைத்திருந்தும் பட்டத்தைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்றவர்கள், எந்த அகாடமியுடனும் பேச்சைத் தொடங்கும் முன் கொரியத் தூதரகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் இ-2 வழியாக ஹாக்வொன் வேலைக்குப் போக முடியாது. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகலாம். அந்த வாய்ப்பு பள்ளிகளுக்கு மட்டுமே. "இந்தியப் பாஸ்போர்ட் போதும், டூரிஸ்ட் விசாவில் போய் இறங்குங்கள், அங்கே ஹாக்வொன்காரர் மாற்றித் தருவார்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சுற்றுலா அனுமதியில் வேலை செய்து பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் உங்களுக்குத்தான் வரும்.

முறையான ஆள்சேர்ப்பு ஏஜென்ட் தன் கட்டணத்தை அகாடமியிடம் வாங்கிக்கொள்வார். ஆசிரியரிடம் பணம் கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். பணம் கேட்காத நல்ல ஏஜென்டுக்கும் அகாடமிதான் வாடிக்கையாளர் என்பது நினைவிருக்கட்டும். அவர் சொல்லும் நல்ல வார்த்தைகளைத் தகவலாகக் கேட்டுக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. அகாடமி பதிவு பெற்றதா?

கொரிய அரசு தனிப்பயிற்சியை 1980இல் தடை செய்தே பார்த்தது. 2000இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. தடை போன பின் அரசின் கையில் எஞ்சியது பதிவும் கண்காணிப்பும். அதுவே இப்போது உங்களுக்குக் கைகொடுக்கிறது. ஒவ்வொரு ஹாக்வொனும் தன் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அகாடமியின் பெயர், நடத்துபவர் பெயர், முகவரி, கற்பிக்கும் பாடம் ஆகியவை அதில் இருக்கும்.

அகாடமியிடம் இரண்டு தாள்களின் நகலைக் கேளுங்கள். ஒன்று, இந்தக் கல்வி அலுவலகப் பதிவுச் சான்றிதழ். மற்றது, வரித்துறை தரும் தொழில் பதிவுச் சான்றிதழ். இரண்டாவதில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். கொரிய வரித்துறையின் ஹோம்டாக்ஸ் தளத்தில் அந்த எண்ணை இட்டால் தொழில் நடக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதா, மூடப்பட்டுவிட்டதா என்று தெரிந்துவிடும். தளம் கொரிய மொழியில் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலி போதும், ஐந்து நிமிட வேலைதான். இரண்டு தாள்களிலும் உள்ள பெயரும் முகவரியும், ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். உரிமையாளர் கைமாறும் நேரத்தில் வரும் ஒப்பந்தங்களில்தான் முந்தைய முதலாளி தந்த வாக்குறுதிகள் காற்றில் போகின்றன.

கல்வி நிலையங்களில் மூன்று வகை உண்டு. ஹாக்வொன், கியோசுப்சோ, கோங்புபாங். கியோசுப்சோ என்பது நடத்துபவர் ஒருவரே பாடம் எடுக்கும் சிறு நிலையம். கோங்புபாங் என்பது வீட்டிலேயே நடத்தும் பயிற்சி. உங்களை வெளிநாட்டிலிருந்து வேலைக்கு அழைக்கும் இடம் ஹாக்வொனாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

புகழ்பெற்ற சங்கிலி நிறுவனங்களின் பெயரைக் கேட்டதும் நிம்மதி அடைய வேண்டாம். சுங்தாம், போலி, எஸ்எல்பி போன்ற பெயர்ப்பலகைகள் நாடெங்கும் உண்டு. சங்கிலிகளில் சில கிளைகளை நிறுவனமே நடத்தும். சில கிளைகளைத் தனி உரிமையாளர்கள் பெயரை மட்டும் வாங்கி நடத்துவார்கள். உங்களுக்குச் சம்பளம் தரப்போவது யார் என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத்தின் கீழே கையெழுத்திடுபவர் தனி உரிமையாளரானால், நீங்கள் எடைபோட வேண்டியது அந்த ஒரு கிளையை, அந்த ஓர் இயக்குநரை. இயக்குநரை வொன்ஜாங் என்பார்கள். அவரோடு ஒரு முறையாவது நேரடியாகப் பேசாமல் கையெழுத்திட வேண்டாம்.

3. எந்த வயதுப் பிள்ளைகள், எந்த நேரம்?

அகாடமிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பள்ளி மாணவர்களுக்கான மாலை நேர அகாடமி. பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்து மணி வரை போகும். மற்றது, பேச்சுவழக்கில் 'ஆங்கில மழலையர் பள்ளி' எனப்படுவது. காலை ஒன்பது மணிவாக்கில் தொடங்கி மாலை வரை நடக்கும். இரண்டாவது வகையில் சிறு குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதும் கழிவறைக்கு அழைத்துப் போவதும்கூட உங்கள் தலையில் விழலாம். எந்த வேலைகள் உங்களுடையவை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே ஒரு சட்டக் கண்ணி உண்டு. இந்த 'ஆங்கில மழலையர் பள்ளிகள்' சட்டத்தின் பார்வையில் ஹாக்வொன்களே. ஆனால் முதலாளி பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகமும் நடத்தி, "காலையில் அங்கேயும் இரண்டு மணி நேரம் போய் வாருங்கள்" என்றால் அது விதிமீறல். இ-2 விசா உங்களைப் பதிவான பணியிடத்தோடு கட்டிப்போடுகிறது. இன்னொரு கிளையில் பாடம் எடுப்பதானாலும் குடிவரவு அலுவலகத்தில் பணியிடம் சேர்க்கப்பட வேண்டும். வீட்டுக்குப் போய்த் தனி டியூஷன் எடுப்பதும் இ-2வில் தடை. முதலாளியே அனுப்பினார் என்பது அதிகாரிகள் முன் உங்களைக் காப்பாற்றாது.

சியோலில் ஹாக்வொன்கள் இரவு பத்து மணிக்கு வகுப்பை முடிக்க வேண்டும் என்பது மாநகர விதி. சியோல் அகாடமி ஒன்று உங்களுக்கு அனுப்பும் கால அட்டவணையில் பத்தேகால் வகுப்பு இருந்தால், அது மற்ற விதிகளையும் எப்படி மதிக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மாணவர் எண்ணிக்கையையும் கேளுங்கள். 2023இல் கொரியாவின் கருவள விகிதம் 0.72 வரை இறங்கியது. பிள்ளைகள் குறையக் குறையச் சிறு அகாடமிகள் மூடப்படுகின்றன. மூடப்படும் முன் முதலில் தாமதமாவது ஆசிரியர் சம்பளம். இப்போது எத்தனை மாணவர்கள், ஓராண்டுக்கு முன் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக இதே உரிமையாளர் நடத்துகிறார்? இந்த மூன்று கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும்.

4. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

கையெழுத்திடும் ஒப்பந்தமும் விசாவுக்காகக் குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் ஒப்பந்தமும் ஒன்றா என்று முதலில் கேளுங்கள். "அது சும்மா விசாவுக்கு, இதுதான் நம் உண்மையான ஒப்பந்தம்" என்று இரண்டு தாள் நீட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கொரிய மொழிப் பிரதி இருந்தால் அதையும் வாங்கி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று கொரியம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

வேலை நேரம். "வாரம் 30 கற்பித்தல் மணி" என்ற வரி எளிமையாகத் தெரியும். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பாடவேளை என்று பொருள்கொண்டால் வாரத்துக்கு 20 மணி நேரம் பாடம். அறுபது நிமிட மணியாகக் கணக்கிட்டால் 1,800 நிமிடம், அதாவது 45 பாடவேளை, நாளுக்கு ஒன்பது. ஒரே வரிக்குள் இவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஆகவே மூன்றையும் எண்ணாக எழுதி வாங்குங்கள்: ஒரு பாடவேளை எத்தனை நிமிடம், நாளுக்கு அதிகபட்சம் எத்தனை பாடவேளை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகலாம். பாடத் தயாரிப்பு, தேர்வுத்தாள் திருத்தல், பெற்றோருக்கு மதிப்பீடு எழுதுதல், மாதம் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி எல்லாம் இந்த நேரத்துக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள்.

சம்பளம். 2026இல் கொரியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10,320 வொன். வாரம் 40 மணி நேர வேலைக்கு வார ஓய்வு நாள் ஊதியத்தையும் சேர்த்து மாதம் 209 மணி நேரம் என்று கணக்கிடுவார்கள். அதன்படி 21,56,880 வொன்னுக்குக் கீழே போகக் கூடாது. 21 லட்சம் வொன் தருவதாகச் சொல்லி மதியம் ஒரு மணி முதல் இரவு பத்து மணி வரை, இடையில் ஒரு மணி நேர ஓய்வோடு, வாரம் ஐந்து நாள் வரச் சொல்லும் ஒப்பந்தம் சட்டத்துக்குக் கீழே நிற்கிறது.

பணிக்கொடை. தோய்ஜிக்கும் என்பார்கள். வாரம் 15 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்து ஓராண்டு முடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். வேலையை விட்ட 14 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். "பணிக்கொடை மாதச் சம்பளத்திலேயே அடங்கும்" என்ற ஷரத்து செல்லாது. ஓராண்டு நிறையும் முன் பத்தாவது, பதினோராவது மாதத்தில் ஏதாவது காரணம் சொல்லி ஆசிரியரை அனுப்பிவிடும் அகாடமிகள் இருக்கின்றன. பணிக்கொடையைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆகவே கடைசி மூன்று ஆசிரியர்கள் பன்னிரண்டு மாதமும் முடித்தார்களா என்பது நீங்கள் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி.

காப்பீடும் ஓய்வூதியமும். ஊழியராகச் சேர்த்தால் மருத்துவக் காப்பீட்டிலும் தேசிய ஓய்வூதியத்திலும் பாதிப் பங்கை முதலாளி செலுத்த வேண்டும். ஓய்வூதியத்துக்கான மொத்தப் பிடித்தம் 2025 வரை சம்பளத்தில் 9 சதவீதமாக இருந்தது. 2026 முதல் ஆண்டுக்கு அரை சதவீதமாக ஏறி 13 சதவீதத்தில் நிற்கும். அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலியக் குடிமக்கள் கொரியாவை விட்டுப் போகும்போது இரண்டு பங்கையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அந்த வசதி இல்லை.

இந்தச் செலவைத் தவிர்க்க முதலாளி எடுக்கும் குறுக்குவழிக்கு அடையாளம் ஓர் எண்: 3.3 சதவீதம். சம்பளத்தில் அந்த அளவு வரிப் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் பார்த்தால், உங்களை ஊழியராகச் சேர்க்காமல் சுயதொழில் செய்பவராகக் கணக்கில் காட்டுகிறார்கள் என்று பொருள். "வரி குறைவு, கைக்கு அதிகம் வரும்" என்று அதை ஒரு சலுகையாகவே சொல்வார்கள். அடுத்த பகுதியில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீக்கமும் விலகலும். மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டவரை நீக்க வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், இல்லையென்றால் 30 நாள் ஊதியம் தர வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள இடங்களுக்குக் கொரியத் தொழிலாளர் சட்டத்தின் சில பாதுகாப்புகள் பொருந்தாது. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான முறையீடு, கூடுதல் நேரத்துக்கான 50 சதவீத மிகை ஊதியம், ஆண்டு விடுப்பு ஆகியவை அவற்றில் அடங்கும். எனவே மொத்த ஊழியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேர் மட்டுமே உள்ள அகாடமியானால், சட்டம் தராத விடுப்பை ஒப்பந்தமாவது தர வேண்டும்.

"பாதியில் விலகினால் 30 லட்சம் வொன் அபராதம்" போன்ற வரிகளைத் தொழிலாளர் சட்டம் தடைசெய்கிறது. அந்த வரி செல்லாது என்றாலும், அதை எழுதத் துணிந்த முதலாளியைப் பற்றி அது நிறையச் சொல்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் வேறு அகாடமிக்கு மாற வேண்டுமானால் பொதுவாக இப்போதைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டியிருக்கும். எந்தச் சூழ்நிலையில் அதைத் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வீடு. தனி அறையா, பகிர்ந்துகொள்வதா? அகாடமியிலிருந்து நடக்கும் தூரமா? பராமரிப்புக் கட்டணம், கேஸ், கரண்ட் பில் யார் பொறுப்பு? முதல் மாதங்களில் சம்பளத்தில் பிடிக்கும் வைப்புத்தொகை எவ்வளவு, எப்போது திரும்ப வரும்? உங்களுக்குத் தரப்போகும் அதே அறையின் படத்தையோ காணொளியையோ கேளுங்கள். வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கடவுச்சீட்டு. "பத்திரமாக ஆபீசில் வைத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் பிணையாகக் கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பது கொரியக் குடிவரவுச் சட்டப்படி குற்றம்.

5. இரண்டு அழைப்புகளை ஒப்பிடும் கணக்கு

கனடியக் குடிமகள் ஒருவருக்கு 2026இல் இரண்டு அழைப்புகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் வீடு இலவசம், வேலை நேரமும் ஒன்றே.

முதல் அகாடமி மாதம் 26 லட்சம் வொன் தருகிறது. 3.3 சதவீதப் பிடித்தம். காப்பீடு, ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லை. ஆண்டுச் சம்பளம் 312 லட்சம். பிடித்தம் போக ஏறத்தாழ 302 லட்சம். மருத்துவக் காப்பீட்டைத் தானே கட்ட வேண்டும். அதற்கு மாதம் ஒன்றரை லட்சம் என்று வைத்தால் ஆண்டுக்கு 18 லட்சம் போகும். மிஞ்சுவது 284 லட்சம்.

இரண்டாவது அகாடமி மாதம் 24 லட்சம் வொன் தருகிறது. முறையான ஊழியராகச் சேர்க்கிறது. ஆண்டுச் சம்பளம் 288 லட்சம். பணிக்கொடை 24 லட்சம் சேர்ந்தால் 312 லட்சம். ஓய்வூதியத்துக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பது 4.75 சதவீதம், மாதம் 1,14,000 வொன். முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். ஊர் திரும்பும்போது தன் பங்கோடு முதலாளியின் பங்கும் கிடைப்பதால் ஏறத்தாழ 14 லட்சம் வொன் மிகை வரவு. மருத்துவக் காப்பீட்டில் தன் பாதிப் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 12 லட்சமும், வருமான வரிக்குச் சுமார் 5 லட்சமும் கழித்தாலும் கையில் நிற்பது ஏறத்தாழ 309 லட்சம்.

மாதம் இரண்டு லட்சம் வொன் குறைவாகத் தெரிந்த அழைப்பு, ஆண்டு முடிவில் இருபது லட்சத்துக்கும் மேல் கூடுதலாகத் தருகிறது. முதல் அழைப்பை ஏற்பவர் நோயோ விபத்தோ வந்தால் ஊழியருக்கான பாதுகாப்பு இல்லாமலும் நிற்பார். உங்களுக்கு வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் இதே கணக்கை ஒரு தாளில் போடுங்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து எதையும் ஒப்பிடாதீர்கள்.

6. அங்கே வேலை செய்பவரிடம் பேசுங்கள்

இணையத்தில் ஓர் அகாடமியைப் பற்றிக் குறையே காணோம் என்பதை நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். கொரியச் சட்டத்தில் ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் பேச்சு உண்மையாக இருந்தாலும் குற்ற வழக்காகலாம். பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று நிரூபிக்கும் சுமை பேசியவர் மேல் விழும். அதனால் கசப்பான அனுபவம் பெற்ற பலர் எழுத்தில் எதையும் வைப்பதில்லை. அதே ஆட்கள் நேரில் பேசினால் மனம் திறப்பார்கள். ஆகவே பேச வேண்டும்.

மூன்று பேரைத் தேடுங்கள். இப்போது வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர். நீங்கள் யாருடைய இடத்துக்குப் போகிறீர்களோ அவர். ஏற்கெனவே வேலையை முடித்துப் போனவர் ஒருவர். மூவரில் கடைசி ஆள்தான் முக்கியம். வேலையில் இருப்பவருக்கு முதலாளியின் கண் உண்டு. விட்டுப்போனவரிடம்தான் பணிக்கொடை வந்ததா, வைப்புத்தொகை திரும்பியதா, விடுவிப்புக் கடிதம் கேட்டபோது என்ன நடந்தது என்ற பதில்கள் இருக்கும். வரும்போது விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நிற்பது எந்த அகாடமிக்கும் எளிது. போகிறவருக்குச் சேர வேண்டியதை முழுதாகக் கொடுத்து அனுப்பும் அகாடமியை நம்பலாம்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை:

• சம்பளம் எந்தத் தேதியில் வர வேண்டும்? கடந்த ஆறு மாதத்தில் ஒரு முறையாவது தாமதமானதா?
• சம்பளச் சீட்டு தருகிறார்களா? அதில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் தனித்தனி வரியாக இருக்கின்றனவா?
• நேற்று எத்தனை பாடவேளை எடுத்தீர்கள்? எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?
• காய்ச்சல் வந்த நாளில் என்ன செய்தார்கள்?
• உங்களுக்கு முன்பு இருந்தவர் ஏன் போனார்? ஓராண்டு முடித்தாரா?
• ஒரு பெற்றோர் புகார் சொன்னால் வொன்ஜாங் முதலில் யாரிடம் பேசுவார்?
• வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் இங்கே கையெழுத்திடுவீர்களா?

'வேலைப்பளு அதிகமா?' என்று பொதுவாகக் கேட்டால் 'பரவாயில்லை' என்ற பதில்தான் வரும். நேற்று நடந்ததைக் கேட்டால் எண்ணாகப் பதில் வரும். சம்பளச் சீட்டு தருவது 2021 நவம்பர் 19 முதல் முதலாளியின் சட்டக் கடமை. அது இல்லை என்ற பதிலுக்குப் பிறகு மேலே கேட்கத் தேவையில்லை.

யாருடைய எண்ணையும் தர மறுக்கும் அகாடமியும், மேலாளர் பக்கத்தில் இருக்க ஸ்பீக்கரில் போட்டு ஆசிரியரைப் பேசவைக்கும் அகாடமியும் பதிலைச் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன.

7. நம் நிறத்தையும் பெயரையும் பற்றி

இதைத் தனித்துச் சொல்லியாக வேண்டும். கொரிய அகாடமிகள் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது வழக்கம். சில உரிமையாளர்கள் பெற்றோர் மனத்தில் இருக்கும் 'வெள்ளை ஆங்கில ஆசிரியர்' என்ற படத்துக்கு ஏற்பவே ஆள் எடுக்கிறார்கள். பர்மிங்ஹாமில் பிறந்து வளர்ந்து ஆங்கில இலக்கியம் படித்த தமிழ்ப் பெண்ணும் இந்தக் காரணத்தால் பதில் வராமல் காத்திருக்க நேரும். அது அவர் தகுதியின் மேல் வந்த தீர்ப்பு அல்ல. அதற்காக மனம் சோர்ந்து, கிடைத்த முதல் மோசமான ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. இந்த மனச்சோர்வைக் குறிவைத்தே குறைந்த சம்பளம் பேசும் முதலாளிகள் உண்டு.

காணொளி நேர்காணலைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையரல்லாத ஆசிரியர் இங்கே வேலை செய்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் அவரோடு பேச வாய்ப்புக் கேளுங்கள். பெற்றோர் முகம் சுளித்தபோது வொன்ஜாங் தன் பக்கம் நின்றார் என்று அவர் சொன்னால், அந்தச் சொல் பத்துப் பக்க ஒப்பந்தத்துக்கு ஈடானது.

8. மறுக்க, பேசித் திருத்த, ஏற்க

கேட்டதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு மூன்றாகப் பிரியுங்கள்.

உடனே மறுக்க வேண்டியவை: சுற்றுலா அனுமதியில் வந்து வேலை தொடங்கச் சொல்வது. இரட்டை ஒப்பந்தம். ஆசிரியரிடம் ஏஜென்ட் கட்டணம். கடவுச்சீட்டைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கேட்பது. விசாவில் இல்லாத இடத்தில் பாடம் எடுக்கச் சொல்வது. எந்த ஆசிரியருடனும் பேச விடாதது. இவற்றில் ஒன்றே இருந்தாலும் மற்ற எந்தச் சலுகையும் அதை ஈடுகட்டாது.

பேசித் திருத்தக்கூடியவை: தெளிவில்லாத கற்பித்தல் மணி, 3.3 சதவீத ஏற்பாடு, விடுப்பு நாள்கள், விமானக் கட்டணம், வைப்புத்தொகை, விடுவிப்புக் கடிதம். மின்னஞ்சலில் கேளுங்கள். "கவலைப்படாதீர்கள், நடைமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் அதையே ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் அது மறுக்க வேண்டிய பட்டியலுக்குப் போகிறது.

ஏற்கலாம் என்பவை: சிறிய அறை, சிறு நகரம், பழைய பாடநூல், சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி. சியோலின் தேச்சி-தோங் போன்ற போட்டி மிகுந்த பகுதியில் உள்ள பளபளப்பான அகாடமியைவிட, தேகுவிலோ ஒரு சிற்றூரிலோ பதினைந்து ஆண்டாக ஒரே உரிமையாளர் நடத்தும் எளிய அகாடமியில் ஆண்டு நிம்மதியாகப் போகலாம்.

அவசரப்படுத்தலுக்கு இடம் கொடுக்காதீர்கள். பட்டச் சான்றுக்கும் காவல்துறைச் சான்றுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசு அத்தாட்சி) வாங்கி, விசா எண் பெறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். 'இன்று இரவுக்குள் கையெழுத்து' என்று நிர்ப்பந்திக்கும் அகாடமியின் அவசரம் உங்கள் நன்மைக்கானது அல்ல. காவல்துறைச் சான்று ஆறு மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், அதை மட்டும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

கொரியா போய் இறங்கிய பின்னும் வழி அடைபட்டுவிடாது. சம்பளம், பணிக்கொடைத் தகராறுக்குத் தொழிலாளர் அமைச்சின் 1350. விசா ஐயங்களுக்குக் குடிவரவுச் சேவையின் 1345. உங்கள் பெயரில் ஓய்வூதியம் கட்டப்படுகிறதா என்று அறிய 1355. மூன்று எண்களையும் இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வேலை ஒரு மின்னஞ்சல். கல்வி அலுவலகப் பதிவுச் சான்றிதழ், தொழில் பதிவுச் சான்றிதழ், ஒப்பந்தத்தின் முழு வரைவு, கடந்த ஆண்டு வேலையை முடித்துப் போன ஆசிரியர் ஒருவரின் தொடர்பு ஆகிய நான்கையும் மரியாதையாகக் கேட்டு, உங்களை அழைத்த அகாடமிக்கு இன்றே எழுதுங்கள். நல்ல அகாடமிகள் இந்த நான்கையும் தடையில்லாமல் அனுப்பும். அவை கைக்கு வந்து சேரும் வரை பேனாவை எடுக்க வேண்டாம்.